ஒரே மூச்சில் வேண்டாம்

வணக்கம் நேயர்களே. மூச்சிரைக்கிறது, அதனால் நடப்பதில்லை. நடக்காததால் இன்னும் இரைக்கிறது. சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இந்தச் சுழலில்தான். உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலிந்துபோகும். மெலிந்த தசை சீக்கிரம் களைக்கும், கரியமில வாயுவையும் கூடுதலாக உண்டாக்கும். அதை வெளியேற்றும் பாடு நுரையீரலுக்கு. நடந்தால் நுரையீரல் பழையபடி ஆகிவிடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேறுவது கால். கால் தேறினால் மூச்சுக்கு வேலை குறையும்.

இப்போது படிக்கட்டுக்கு வருவோம். ‘ஒரே மூச்சில் ஏறிவிடலாம்’ என்று கிளம்புவார்கள். அந்த ஒரே மூச்சுதான் வம்பு! மேலே போய் நின்று திண்டாடுவார்கள். காற்று போதவில்லை என்று தோன்றும். உண்மையில், உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. குறுகிப்போன மூச்சுக்குழாய் வழியாகக் காற்று வெளியேற நேரம் பிடிக்கும். அவசர அவசரமாக இழுத்தால் பழைய காற்று உள்ளேயே தங்கி மார்பு புடைத்துக்கொள்ளும். இறங்குகிறவர்களுக்கு வழிவிடாமல் பேருந்தில் முண்டியடித்து ஏறுகிற கதைதான்.

ஆகவே கைப்பிடியைப் பிடித்து நில்லுங்கள். வாயை மூடி, மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுங்கள். பிறகு உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை ஊதுங்கள். எதிரே விளக்கு இருந்தால் சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது. ஏன் என்றால், அழுத்தி ஊதினால் குழாய் இன்னும் நெருங்கிக்கொள்ளும். ஊதும்போதுதான் கால் படியேற வேண்டும், ஒரு படியோ இரண்டு படியோ. திரும்பச் சொல்கிறேன்: நின்று இழுங்கள், ஊதிக்கொண்டே ஏறுங்கள். குனிந்து செருப்பு மாட்டும்போதும் வாளி தூக்கும்போதும் இதே கணக்குதான். பாரம் வரும் நேரத்தில் மூச்சைப் பிடிக்காமல் வெளியே விடுங்கள்.

எவ்வளவு வேகம்? இரைப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டால் 3 அல்லது 4. பேச முடியும், பாட முடியாது, அந்த அளவு. இரண்டு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நின்றாலும் அதுவும் நடைதான். நிற்கும்போது முன்கைகளை எதிலாவது ஊன்றி, சற்று முன்னால் சாயுங்கள். தோள், கழுத்துத் தசைகள் மூச்சுக்குக் கை கொடுக்கும்.

நேரம் நெருக்குகிறது. நடைக்கு முன் இன்ஹேலர் எடுக்க மருத்துவர் சொல்லியிருந்தால், 10 முதல் 15 நிமிடம் முன்னதாக எடுங்கள். ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். நெஞ்சுவலி, தலைசுற்றல், உதட்டில் நீலம் தெரிந்தால் உடனே நிறுத்தி உதவி கேளுங்கள். சளியின் நிறம் மாறி இரைப்பும் கூடியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தேறிய பிறகு பழைய நேரத்தில் பாதியிலிருந்து தொடங்கலாம்.

கைகளுக்கான பயிற்சியும் சொல்ல நினைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்று மட்டும்: தலை வாரும்போது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். வணக்கம்.