பூப்பறிக்கப் போன நாள்

நடுவர் அவர்களே, அவை நிறைந்த பெரியோர்களே, வணக்கம். மனநிறைவு தருவது வாங்கிச் சேர்க்கும் பொருளே என்று வாதிட்ட எதிரணி நண்பர், அம்மியில் அரைத்தே கை காய்த்துப்போன தம் பாட்டி மிக்சி வந்த பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்தார் என்று சொன்னார். அந்தக் கைகளை நானும் வணங்குகிறேன். உழைப்பைக் குறைக்கும் கருவியை எங்கள் அணி மறுக்கவில்லை. ஆனால் மிக்சி மிச்சப்படுத்திய நேரத்தில் அந்தக் குடும்பம் பாட்டியோடு வாசலில் உட்கார்ந்து பேசியதா, அல்லது அடுத்த பொருளின் தவணைக்காக பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்ததா என்று கேட்கிறேன். திருப்பூரில் பல வீடுகளின் விடை இரண்டாவதுதான். எங்கள் வீட்டின் விடையும் அதுவே.

என் அம்மா வருடம் முழுவதும் செக்கிங் டேபிள் முன்னால் நின்றவர். காணும் பொங்கலன்று மட்டும் தூக்குப்போசியில் அரிசியும்பருப்பும் சாதத்தைக் கட்டிக்கொண்டு, ஊர்ப் பெண்களோடு கரட்டுக்குப் பூப்பறிக்கப் போவார். ஆவாரம்பூவின் மஞ்சள் விரல் நுனியில் ஒட்டியிருக்க, பாறை மேல் வட்டமாக நின்று அவர் கும்மிப் பாட்டை எடுத்துக் கொடுத்தபோது, அவருக்கு இப்படியொரு குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த நாளுக்கு ஆன செலவு, ஒரு படி அரிசியும் கொஞ்சம் முறுக்கும்.

கும்மி முடிந்து நாங்கள் ஆற்றில் இறங்க ஓடினால், அம்மா அதட்டி நிறுத்துவார். நொய்யலில் அப்போது சாயத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரி மலையில் தெளிந்து பிறக்கும் அந்த ஆறு, உலகம் வாங்கிக் குவிக்கும் துணிக்கு நிறம் கொடுத்துத் தன் நிறத்தை இழந்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்த நீர் எங்கள் வயலுக்கு வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் என் சொந்தக்காரர்கள். ஒரு சட்டை போதும் என்ற இடத்தில் பத்து கேட்கும் பழக்கத்தின் மேல்தான் என் வழக்கு. காசில்லாமல் கிடைத்த ஆற்றுக் குளியலை அந்தப் பழக்கம் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது.

கடந்த பொங்கலுக்கு அம்மாவிடம் என்ன சேலை வேண்டும் என்று கேட்டேன். அந்தக் கரட்டில் ஆவாரை இன்னும் பூக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பூத்திருந்தது, நடுவர் அவர்களே.