மலையே இல்லாத ராமநாதபுரத்தில் மூச்சு வாங்குவது ஏன்? புது சைக்கிள்காரர்களுக்கு ஒரு கண்டக்டர் வைத்தியம்

(காட்சி: விடியற்காலை, பாம்பன் சாலைப் பாலம். பின்னணியில் காற்றின் இரைச்சல்.)

ஒரே சாலை, ஒரே சைக்கிள், ஒரே ஆள். போகும்போது மணிக்கு 30 கிலோமீட்டர், திரும்பும்போது 14. அந்த ஆள் நான்தான்.

ரோடு பைக் வாங்கிய முதல் மாதம். ஜூன். உச்சிப்புளியில் ஏறி மிதித்தேன், பாம்பன் வரைக்கும் பறந்தேன். நமக்குள் இப்படி ஒரு வீரன் இருந்தானா என்று எனக்கே ஆச்சரியம். பாலத்தில் நின்று போட்டோ எல்லாம் எடுத்தாயிற்று. சைக்கிளைத் திருப்பினேன். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று நேராக நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. மண்டபம் டீக்கடையில் போய் உட்கார்ந்தபோது மாஸ்டர் கேட்டார்: "என்ன தம்பி, இப்பத்தானே பறந்து போனீங்க?" அப்புறம் மச்சானுக்கு போன், லோடு ஆட்டோ, வீடு. சைக்கிள் படுத்துக்கொண்டு வந்தது, நானும்தான்.

(காட்சி: திரையில் கணக்கு.)

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே காற்றும் 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. உங்கள் உடம்புக்கு அது 40 கிலோமீட்டர் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. இரண்டு மடங்கு இல்லை மக்களே, நான்கு!

"திரும்பும்போது பின்காற்று வருமே, கணக்கு சரியாகிவிடுமே" என்பீர்கள். ஆகாது. 20 கிலோமீட்டர் தூரத்தை 15 வேகத்தில் போனால் 80 நிமிடம். அதையே 30 வேகத்தில் திரும்பினால் 40 நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரத்தில் 40 கிலோமீட்டர், சராசரி 20தான். 15க்கும் 30க்கும் நடுவில் 22.5 என்று மனக்கணக்கு போட்டவர்கள் கமெண்டில் கையைத் தூக்குங்கள். நானும் அப்படித்தான் போட்டேன்.

அதனால் புறப்படும்போதே காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்த பிறகு அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரட்டும். ராமநாதபுரத்துக்காரர்கள் கச்சான் மாதங்களில் மேற்கே சத்திரக்குடிப் பக்கம் கிளம்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு வாடை அடிக்கும்போது கிழக்கே உச்சிப்புளிப் பக்கம். எந்த மாதமானாலும் ஐந்து மணிக்கே ஏறிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் கரை சூடாகிக் கடல்காற்றை இழுக்கும்.

சரி, எவ்வளவு வேகமாக மிதிப்பது? வேகத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். காற்று இருக்கும் ஊரில் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், மூச்சு சொல்லாது. வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் இதைப் பேச்சுச் சோதனை என்பார்கள். நான் கண்டக்டர் சோதனை என்கிறேன். மிதித்துக்கொண்டே நம்ம பஸ் கண்டக்டர் மாதிரிக் கூவுங்கள்: "உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம்!" ஒரே மூச்சில் ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தால் வேகம் சரி. மண்டபத்திலேயே மூச்சு நின்றால் கியரைக் குறையுங்கள். ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடிக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு ஒரு பாட்டும் பாட முடிகிறதா? கொஞ்சம் அழுத்தலாம். ரோட்டில் போகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். என்னை உச்சிப்புளியில் இரண்டு பேர் நிஜமாகவே டிக்கெட் விலை கேட்டார்கள்.

உயிரியல் பாடம் ஒரே வரியில்: இப்படி நிதானமாக ஓட்டும்போது தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும், கொழுப்பை எரிக்கிற பழக்கம் உடம்புக்கு வரும். அவ்வளவுதான்.

நிதானம் என்றால் கேவலம் இல்லை. நெடுந்தூர சைக்கிள்காரர்கள் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ஓட்டத்துக்கு ப்ரெவே என்று பெயர். 200 கிலோமீட்டர் ப்ரெவேக்குக் கெடு 13 மணி 30 நிமிடம். டீ, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் அதற்குள்தான். சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வேண்டாம்!

வாரத்துக்கு மூன்று நாள் போதும். இரண்டு நாள் முக்கால் மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீளமாக. அந்த நீளத்தை வாரம் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள், நான்காவது வாரம் குறைத்து ஓய்வு கொடுங்கள். முழங்கால் வலித்தால் முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை உப்பு. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் பசிக்கும்வரை காத்திருக்காமல் கடலைமிட்டாயோ வாழைப்பழமோ உள்ளே போகட்டும். வழியில் பதநீர் கிடைத்தால் அதற்கு மிஞ்சிய எனர்ஜி ட்ரிங்க் கிடையாது. இது என் கட்சி, மாற்றுக் கட்சிக்காரர்கள் கமெண்டில் வாருங்கள்.

(காட்சி: டயரின் குளோசப். ஒரு முள்.)

இவர் சீமைக்கருவேல முள். நம்ம ஊரில் சைக்கிளை ஓரத்து மண்ணில் இறக்கினால் இவர் வரவேற்பார். ஒரு ட்யூப், ஒரு பம்ப் இல்லாமல் கிளம்பாதீர்கள். எல்லோருக்கும் லோடு ஆட்டோ வைத்த மச்சான் இருக்க மாட்டார்.

உங்கள் ஊர் ரூட்டில் கண்டக்டர் எந்தெந்த ஊர் பேரைக் கூவுவார்? கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அதைக் கூவிக்கொண்டே மிதிக்கிறேன்.