பைக்குள் இருக்க வேண்டிய முதல் தாள்

வணக்கம் நேயர்களே. அரசு மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன்.

மூளை பாதிப்பால் கை, கால் அசைவு சிரமமாகும் மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி) உள்ள குழந்தைக்குப் பல சமயம் வலிப்பும் இருக்கும், விழுங்குவதில் சிரமமும் இருக்கும், மாறுகண்ணும் இருக்கும். நரம்பு டாக்டர் ஒரு நாள், எலும்பு டாக்டர் ஒரு நாள், கண்ணுக்கு வேறு ஊர், பிசியோதெரபி தனி. இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது அபூர்வம். குழந்தையை முழுசாகத் தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். சில வீடுகளில் பாட்டி.

அவர் கையில் ஒரு கட்டைப்பை இருக்கும். ஸ்கேன் ஃபிலிம், கசங்கிய ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் அதற்குள். டாக்டர் முன்னால் கிடைக்கிற சில நிமிஷமும் அதைத் துழாவுவதிலேயே போய்விடும். அதனால்தான் என்னிடம் வருகிறவர்களை ஒரே ஒரு தாள் எழுதச் சொல்கிறேன். குழந்தையின் இப்போதைய எடை, என்னென்ன பிரச்சினை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசி வலிப்பு எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அப்பா அழைத்து வரும் நாளில்தான் அதன் அருமை தெரியும். பல அப்பாக்களுக்கு மருந்தின் பெயர்கூடத் தெரிவதில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்!

மருந்தை எழுதும்போது மட்டும் கவனம். "காலையில் 5 மில்லி" என்று எழுதினால் போதாது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயின் சிரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் 5 மில்லிக்கு 30 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 125. பழைய கம்பெனி இல்லை என்று கடைக்காரர் வேறு பாட்டில் கொடுத்தால், அதே மூடி அளவில் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். மில்லிகிராமையும் சேர்த்து எழுதுங்கள். பாட்டில் மாறினால் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். அளப்பதற்குச் சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்சு நல்லது.

சரி, எங்கே போவது? டி.இ.ஐ.சி. என்கிற மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் பற்றிப் பலருக்குத் தெரியவில்லை. 2013-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் வந்தது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதனை, தெரபி, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது எல்லாம் இலவசம். மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அப்புறம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. உதவித்தொகை, ரயில் சலுகை எதற்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். 'நிராமயா' காப்பீடும் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. மருத்துவமனையில் படுக்காமலே ஆகும் தெரபி செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் முதலில் நாம் செலவழித்து, பிறகுதான் திரும்பப் பெற வேண்டும். அசல் பில் இல்லாவிட்டால் கஷ்டம். மருந்துக்கடையில் கம்ப்யூட்டர் பில்லைக் கேட்டு வாங்கி, அந்தத் தாளுக்குப் பின்னாலேயே குத்தி வையுங்கள்.

பிள்ளைக்குப் பதினேழு வயதாகிவிட்டதா? 18 முடிந்ததும் சட்டப்படி அவர் மேஜர். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையாக இருந்தாலும், பெற்றோரே காப்பாளராகத் தானாகத் தொடர முடியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். என்னென்ன காகிதம் வேண்டும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இந்த வருஷமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.