மூன்று கிளைக்கும் ஒரே இண்டர்காம்

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில் வணிகம் செய்கிறவர்களில் பலருக்குத் தொழில் ஒரே இடத்தில் நடப்பதில்லை. கடை மண்ணடியில் இருக்கும், கிடங்கு மாதவரத்தில் இருக்கும், பட்டறை திருவொற்றியூரிலோ மணலியிலோ இருக்கும். ஒவ்வோர் இடத்திலும் ஓர் இண்டர்காம் உண்டு. ஆனால் அவற்றுள் ஒன்றோடு மற்றொன்றுக்குத் தொடர்பே இராது. அவற்றைக் கைக்கு அடங்கிய செலவில் இணைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

ஆளுக்கொரு செல்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வாடிக்கையாளர் கடைக்கு அழைத்துச் சரக்கு இருப்பைக் கேட்கும்போது, அந்த அழைப்பை அப்படியே மாதவரத்துக்கு மாற்றிக் கொடுக்கச் செல்பேசியில் எளிதான வழியில்லை. கிடங்குக்காரரின் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்த எண் அவருடைய சொந்த எண்ணாக இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் வாடிக்கையாளரும் கூடவே போய்விடுவார்.

முன்பு இரு கிளைகளின் தொலைபேசிகளை இணைக்க வேண்டுமானால், அதற்கென்றே ஒரு தனிக்கம்பியை வாடகைக்கு எடுத்து, பேசினாலும் பேசாவிட்டாலும் பணம் கட்ட வேண்டியிருந்தது. இன்று பில் போடுவதற்கும் கேமராவுக்கும் ஒவ்வொரு கிளையிலும் ஃபைபர் இணைப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. அதில் குரலுக்கு வேண்டிய இடம் மிகக் கொஞ்சம். ஓர் உரையாடலுக்குப் போகவும் வரவும் தலா நொடிக்குச் சுமார் 100 கிலோபிட் போதும், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் நொடிக்கு ஒரு மெகாபிட்டைச் சுற்றித்தான் வரும். ஆகவே வேகம் கூடுதலான திட்டத்துக்கு மாறுங்கள் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். குரலைக் கெடுப்பது வேகக் குறைவு அன்று, தாமதம். ஒரு முனையில் பேசியது மறுமுனையைச் சேர 150 மில்லிநொடிக்கு மேல் ஆனால் இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடத் தொடங்குவார்கள். கேமராப் பதிவுகள் மொத்தமாக மேலேறும் நேரத்தில் குரல் துண்டு துண்டாகக் கேட்கும். ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

அடுத்தது இயந்திரம். இந்நகரின் முதல் தொலைபேசி நிலையம் 1880களின் தொடக்கத்தில் நம் எர்ரபாலு செட்டித் தெருவில்தான் இயங்கியது. அங்கே ஆள் உட்கார்ந்து கையால் இணைப்புக் கொடுத்தார். அதே வேலையை இன்று ஒரு சிறு கணினியில் ஓடும் இலவச மென்பொருள் செய்கிறது. அதன் பெயர் ஆஸ்டெரிஸ்க். 1999இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர், தம்முடைய சிறு நிறுவனத்துக்குத் தொலைபேசி இயந்திரம் வாங்கக் கட்டுப்படியாகாமல் தாமே எழுதியது அது. அதைக் கடையில் ஓரிடத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கிளையிலும் தொலைபேசிக் குரலை இணையத்தில் ஏற்றி இறக்கும் கேட்வே எனப்படும் சிறு பெட்டியை வைத்தால் போதும், இ.பி.ஏ.பி.எக்ஸ் என்ற பழைய இண்டர்காம் இயந்திரத்தையும் கருவிகளையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. லேண்ட்லைன்கள் பலவற்றைத் திருப்பிக் கொடுத்தபின் பழைய இயந்திரத்தில் வெளி லைனுக்கான துளைகள் சும்மா கிடக்கின்றன. கேட்வேயின் கம்பியை அதில் செருகினால், வந்திருப்பது வெளி லைன் என்றே இயந்திரம் எண்ணிக்கொள்ளும். ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஓர் உரையாடல்தான் போகும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, எத்தனை கம்பி வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

இனி நான் எங்கே போனாலும் சொல்லித் தீராத செய்திக்கு வருகிறேன்: எண்கள். பொருள் வாங்கும் முன் ஒரு தாளை எடுத்து எண்களை எழுதுங்கள். மண்ணடியில் குழாய், வால்வு வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர், மூன்று கிளையையும் இணைத்துத் தரச் சொன்னார். பார்த்தால், கடையிலும் 21 முதலாளி மேசை, கிடங்கிலும் 21 இருப்புக் கணக்கு மேசை, பட்டறையிலும் 21 தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் சுவரில். இணைத்தபின் 21 என்று அழுத்தினால் யாருக்கு மணி அடிக்க வேண்டும்? "அப்பா காலத்திலிருந்து என் நம்பர் இருபத்தொண்ணு சார், அதை மட்டும் மாத்தாதீங்க" என்றார் அவர். கிளைக்கு ஓர் இலக்கத்தை முன்னால் சேர்த்து 121, 221, 321 என்று வைக்கலாம் என்றார் அவருடைய கணக்கர். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஒன்றில் தொடங்கக் கூடாது. 100, 101, 108, 112 எல்லாம் ஒன்றில்தான் தொடங்குகின்றன, ஆபத்து வேளையில் எவரும் வெளி லைனுக்கான பூஜ்யத்தை நினைத்துப் பார்த்து அழுத்த மாட்டார். ஆகவே கடைக்கு 221, கிடங்குக்கு 321, பட்டறைக்கு 421. கடைசி இரண்டு இலக்கமும் இருபத்தொன்றாகவே இருந்ததால் முதலாளி சமாதானமானார். இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டறையில் ஒருவர் கை மாட்டிக்கொண்டு 108ஐ அழைக்கும்போது, அந்த அழைப்பு மண்ணடி லைன் வழியாக வெளியேறினால் முகவரி மண்ணடியாகவே தெரியலாம். ஆகவே அவசர எண்கள் மட்டும் அந்தந்தக் கிளையின் சொந்த லைனிலேயே வெளியேற வேண்டும்.

ரூட்டருக்கும் இதே எண் தொல்லை உண்டு. கடையில் வாங்கும் ரூட்டர்கள் பலவும், தம்மோடு இணையும் கருவிகளுக்குக் கொடுக்க, ஒரே உள்முகவரி வரிசையோடுதான் வருகின்றன. மூன்று கிளையிலும் அப்படியே விட்டுவிட்டு இணையத்தின் மேல் பாதுகாப்பான தனிவழி அமைத்தால், எந்தப் பெட்டி எந்தக் கிளையில் இருக்கிறது என்று தெரியாமல் இணைப்பு தடுமாறும். மூன்று 21 இருந்த கதைதான். எண்களை முதலில் பிரியுங்கள்.

நிலைய அலுவலர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மீதமுள்ள மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போனால் இணையத் தொலைபேசியும் போகும். ரூட்டர், கேட்வே, கணினி மூன்றையும் யு.பி.எஸ்ஸில் போடுங்கள், மழைக்காலத்தில் தரையில் வைக்காமல் சுவரில் உயர்த்தி மாட்டுங்கள். கடவுச்சொல், எக்ஸ்டென்ஷன் எனப்படும் உள் எண்ணாகவே இருந்தால், இரவோடு இரவாக எவரோ உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசிவிடுவார், ஐ.எஸ்.டி. தேவையில்லையென்றால் அடைத்துவிடுங்கள். சட்டம் பற்றித் தனியாகவே பேச எண்ணியிருந்தேன்: உங்கள் கிளைகளுக்குள் நீங்கள் பேசிக்கொள்வது வேறு, வெளியாரின் அழைப்பை இணையத்தில் ஏற்றி இன்னோர் ஊரில் பொதுத் தொலைபேசியில் இறக்குவது வேறு. இரண்டாவதை உரிமம் இல்லாமல் செய்தால் போலீஸ் வரும். வெளி லைன் சேர்ப்பதற்கு முன் உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனத்திடம் எது கூடும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.