கவ்வாத்து மலையில் நின்று கொஞ்சம் பேசலாம்

வணக்கம் உறவுகளே. காற்று இரைகிறது, மைக்கில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் குச்சி குச்சியாக நிற்கிறதே, அது கவ்வாத்து வெட்டின மலை, அதாவது தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிட்ட இடம். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ரயிலில் வருகிறவர்கள் சிலர் இதைப் பார்த்துவிட்டு, தேயிலை செத்துப்போச்சே என்று பாவப்படுவார்கள். சாகவில்லை. 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி வெட்டினால்தான் புதுசாகத் துளிர்க்கும், கொழுந்தும் கைக்கு எட்டும்.

நன்றி, தன்னை நேசிப்பது, நம்பிக்கை, இதையெல்லாம் பேசுகிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், வாசனைத் தண்ணியில் குளியுங்கள் என்கிறார்கள். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், இருக்கிற நாம் குளிக்கிறதே வெளியில் தண்ணி விழுகிற பீலிக் கரையில்தான். அதனால் நான் இந்த மலையை வைத்தே பேசுகிறேன்.

கண்டபடி வெட்ட மாட்டார்கள். முதலில் கொஞ்ச நாள் கொழுந்து எடுக்காமல் செடியைச் சும்மா விடுவார்கள். அப்புறம் வேரில் ஒரு துண்டு நறுக்கி அயோடின் தடவிப் பார்ப்பது உண்டு. கறுநீலமாக மாறினால் வேரில் மாச்சத்து சேர்ந்திருக்கிறது, வெட்டலாம். நிறம் ஏறாவிட்டால் இன்னும் ஓய்வு வேண்டும். வெட்டும்போதும் ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவைப்பார்கள், செடி மூச்சுவிட. சத்தில்லாத செடியை வெட்டினால் திரும்பத் துளிர்க்காது. எனக்கு நம்பிக்கை என்றால் அந்தக் கறுநீலம்தான். நாளைக்கு எல்லாம் சரியாகும் என்று வாயால் சொல்லிக்கொண்டே இருப்பதில் எனக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை.

அப்போ ஓய்வு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். எங்கள் அம்மாவைச் சொல்கிறேன். மலையால் வந்து, இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை அவிழ்த்து, ரொட்டி தட்டி, எல்லாருக்கும் கொடுத்து முடித்தபிறகு அடுப்படியில் உட்கார்ந்து விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார். விரல் வெடிப்பில் தேயிலைக் கறை கறுப்பாக இறங்கியிருக்கும், சோப்பு போட்டாலும் போகாது. ஒவ்வொரு வெடிப்பாக எண்ணெய் விடுவார். அந்த நேரம் யார் கூப்பிட்டாலும், அப்பாவே கூப்பிட்டாலும், "இரு" என்பார். அவ்வளவுதான். தன்னை நேசிப்பது என்று நான் பார்த்தது அந்த ஒரு "இரு"தான்.

நன்றி விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. சம்பளம் கூட்டிக் கேட்டால், கிடைத்ததற்கு நன்றியோடு இருங்கள் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நன்றி எனக்கு வேண்டாம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா எத்தனை வருஷம் கேட்டு, 2021இல்தான் வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வந்தது! வாயை மூடிக்கொண்டிருந்தால் வந்திருக்குமா?

என் நன்றி ஆளைப் பார்த்துப் போகிறது. அம்மா காய்ச்சலோடு மலைக்குப் போன அன்றைக்கு, பக்கத்து நிரை அத்தை தன் கொழுந்தை அள்ளி அள்ளி அம்மா கூடையில் போட்டார். கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும் என்று அவருக்குத் தெரியும், தன் கிலோ குறைவதும் தெரியும். போன கிழமை அவர் வீட்டுக்குப் போய் நன்றி சொன்னேன். "அட போடா, தேத்தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டார். நீங்களும் யாரிடமாவது போய்ச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

சரி, அடுத்த வீடியோவில் கவ்வாத்து வெட்டுகிற அண்ணன்மாரோடு வருகிறேன். பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறதுக்கு, முந்தியே வந்து நில் என்று சொல்லியிருக்கிறார்கள். மழை விட்டால் ஞாயிற்றுக்கிழமை போடுவேன்.