கப்பலேறி வந்த பிள்ளைகளின் ஊர்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

‘இது என் ஊர்’ என்ற உணர்வு ஒருவருக்கு எந்த வயதில், எதனால் உண்டாகிறது என்பதை, நீலகிரியில் வாழும் தாயகம் திரும்பிய தமிழர்களின் வாழ்க்கையைக் கொண்டு இன்று பேச விரும்புகிறேன். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய அக்குடும்பங்களுக்கு வேலையும் குடியிருப்பும் கொடுப்பதற்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று.

ஒப்பந்தத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்தக் கப்பலில் எட்டு வயதிலும் பத்து வயதிலும் பிள்ளைகள் வந்தார்களே, அவர்களைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசவில்லை.

அவர்கள் பிறந்து வளர்ந்தது இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் காம்பராக்கள் என்னும் ஒற்றை அறைகள், முன்னால் ஒரு சிறிய இஸ்தோப்பு, அதாவது திண்ணை. விடிவதற்கு முன்பே தப்புப் பறை ஒலிக்க, தாய் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய்விடுவாள். கைக்குழந்தை, தோட்டத்தின் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவுக்குப் போகும். சற்று வளர்ந்த பிள்ளை லயத்துப் பாட்டிமாரின் கண்பார்வையில் திரியும். எந்தக் காம்பராவில் ரொட்டி சுட்டாலும் அதற்கும் ஒரு துண்டு உண்டு. குடும்பம் முழுவதும் ஓர் அறையில் அடுப்புப் புகைக்கு நடுவே படுத்துறங்கிய வாழ்க்கையை நான் மெச்சவில்லை. ஆனால், தான் யார் வீட்டுப் பிள்ளை என்பது அந்த லயம் முழுவதற்கும் தெரியும் என்ற நிச்சயம் அப்பிள்ளைக்கு இருந்தது.

உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951-இல் எழுதிய அறிக்கை, தாயின் இடையறாத அரவணைப்பே குழந்தையின் மனநலத்துக்கு அடிப்படை என்று கூறியது. நம் பிள்ளைகளுக்குத் தாய் கூடவே வந்தாள். வராமல் போனது மற்றவர்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் குடியுரிமையும் தம்பிக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்ததால், பாட்டி ஒரு கரையிலும் பேரப்பிள்ளைகள் மறுகரையிலுமாகப் பிரிந்த வீடுகள் பல. ‘பாட்டி எப்போது வருவாள்’ என்று கேட்கும் பிள்ளைக்கு ஒப்பந்தத்தின் விதிகளைச் சொல்லி விளங்கவைக்க யாரால் முடியும்?

இங்கு வந்த பிறகு பள்ளிக்கூடம். அங்கே ‘இந்தியாக்காரன்’ என்று ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை இங்கே ‘சிலோன்காரன்’ ஆயிற்று. வகுப்பில் ரயிலைக் கோச்சி என்றோ, பால் சேர்க்காத தேநீரைச் சாயத்தண்ணி என்றோ சொன்னால் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன் யோசிக்கத் தொடங்கிவிடும். இந்த யோசனைதான் என்னைப் பெரிதும் வருத்துகிறது. ஏனென்றால் அது பள்ளியோடு நின்றுவிடுவதில்லை. குடும்ப அட்டையும் வாக்குரிமையும் இருந்தும், பிள்ளைகள் பட்டம் பெற்றும், ஐம்பது வயதுக்குமேல் ஊர்க்கூட்டத்தில் ஓரமாக நின்று, யாராவது கேட்டாலொழிய கருத்துச் சொல்லாதவர்களைக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் காணலாம். அதே வீட்டில், இங்கே பிறந்த தங்கை நடுக்கூட்டத்தில் நின்று பேசுவாள். சட்டம் இருவரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. சிறுவயது அவர்களை வேறுவேறாக ஆக்கிவிட்டது.

இப்படி வளர்ந்தவரிடம், பணி ஓய்வு பெற்றதும் தோட்டக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லும்போது, அது வெறும் வீட்டுப் பிரச்சினையாக இருப்பதில்லை. பத்து வயதில் மூட்டை கட்டியவருக்கு மீண்டும் மூட்டை கட்டச் சொல்வதாகவே அது படுகிறது. மாற்று வீடு கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் இதை உணர வேண்டும். அக்கம்பக்கத்தாரோடு சேர்த்து, அதே பகுதியிலேயே அவர்களுக்கு வீடு தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்று அதே மலைகளில் தேயிலை பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அவர்களுடைய பிள்ளைகளும் நம் தமிழ்வழிப் பள்ளிகளில் வந்து அமர்கிறார்கள். இந்த அவையில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். அப்பிள்ளை தன் வீட்டுச் சொல்லொன்றைத் தயங்கிச் சொல்லும்போது, வகுப்பு சிரிப்பதற்கு முன் நீங்கள் அதைத் திருப்பிச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகளையும் சொல்ல வையுங்கள்.