புத்தகம் கப்பலேறும் தீவுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

தீவுச் செய்தி என்றால் நம்மவர் காதுக்குப் பழகிப்போனது ஒன்றுதான். லோஞ்ச் படகு ஓடவில்லை, கணக்கு வாத்தியார் மாற்றம் கேட்டுப் போய்விட்டார், ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. நான் நெடுந்தீவில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பாஸ் பண்ணின சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒரு ரங்குப் பெட்டியோடு என்னைக் குறிகட்டுவான் போகும் வள்ளத்தில் ஏற்றிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டில் நின்றுதான் மிச்சப் படிப்பு. அதனால் "தீவுக் கல்வி" என்று யாராவது பேசத் தொடங்கினால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெட்டியின் பூட்டுத்தான்.

பிறகு வாழ்க்கை ஸ்கொட்லாந்தில் போயிற்று. பொது நூலகமொன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். ஸ்கொட்லாந்தின் வடக்கு முனைக்கு அப்பால் இருக்கிற ஓர்க்னித் தீவுகளைப் பற்றி இன்றைக்குப் பேசலாமென்று நானே கேட்டுக்கொண்டேன். கடந்த சில ஆண்டுகளில் அங்கே பள்ளிக்கூடம், நூலகம், விளையாட்டு, கலை என்று நடந்திருப்பவை, ஒரு தீவுக்காரனுக்குக் கொஞ்சம் பொறாமை தருகிற காரியங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுபது தீவுகள் மட்டில் உண்டு. ஆட்கள் குடியிருப்பது இருபது சொச்சத்தில். மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ 22,000. நம் ஊரில் ஒரு பெரிய கோயில் தேருக்கு வருகிற கூட்டம், அவ்வளவுதான். பெரிய தீவில் கிர்க்வோல், ஸ்ட்ரோம்னஸ் என்று இரண்டு பட்டணங்கள். மரம் அதிகம் கிடையாது. காற்று மட்டும் எந்நேரமும் உண்டு.

என் தொழில் நூலகம், அங்கிருந்தே தொடங்குகிறேன். கிர்க்வோல் நூலகத்தின் வேர் 1683இல் இருக்கிறது. வில்லியம் பெய்க்கி என்பவர் சாகும்போது தன் புத்தகங்களைப் பொதுமக்கள் நூலகமாக வைக்கும்படி எழுதிவைத்தார். ஸ்கொட்லாந்தின் மிகப் பழைய பொது நூலகம் என்று அதைச் சொல்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 2003இல் வந்தது. நூலகமும் ஆவணக் காப்பகமும் ஒரே கூரைக்குக் கீழ். 2015இல் பிரித்தானியப் புத்தகத் துறையினர் கொடுக்கிற ஆண்டின் சிறந்த நூலக விருது இவர்களுக்குத்தான் போயிற்று. லண்டனும் மன்செஸ்டரும் இருக்க, வடகடல் ஓரத்து ஊருக்கு!

அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் ட்விட்டருக்கும் ஒரு பங்கு உண்டு. நூலக அறிவித்தல் என்றால் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும், நானே எழுதியிருக்கிறேன். "வாசகர்களின் கவனத்துக்கு" என்று தொடங்கினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். இவர்களோ பக்கத்துத் தீவுக்கூட்டமான ஷெட்லாந்து நூலகத்தோடு பொய்ச் சண்டை பிடித்தார்கள். மைத்துனன்மார் கேலி பண்ணுகிறது மாதிரி ஒருவரையொருவர் வாரினார்கள். உலகமெல்லாம் இருந்து ஆட்கள் அதை வாசித்துச் சிரித்தார்கள்.

ஆனால் என்னை மயக்கியது வேறு. 1950களில் இந்த நூலகம் வெளித்தீவுக் குடும்பங்களுக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் கட்டிக் கப்பலில் அனுப்பத் தொடங்கியது. இந்த வீட்டில் யார் யார், அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு கட்டின பெட்டிகள். இன்றைக்கு அந்த வேலையை நடமாடும் நூலக வண்டி செய்கிறது. வண்டி தீவுக்குள் ஓடுகிறது, பிறகு கப்பலில் ஏறி அடுத்த தீவுக்குப் போகிறது. அதன் பெயர் புக்கி மக்புக்ஃபேஸ். தமிழில் "புத்தகமூஞ்சி" என்று வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் பிரித்தானியாவில் ஓர் ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் சொல்லும்படி சனத்தைக் கேட்க, சனம் "படகுமூஞ்சி" என்கிற மாதிரி ஒன்றுக்கு வாக்குப் போட்டுவிட்டது. அதிகாரிகள் கூச்சப்பட்டு வேறு பெயர் வைத்தார்கள். ஓர்க்னிக்காரர் கூச்சப்படவில்லை.

இனிப் பள்ளிக்கூடம். சின்னத் தீவுகளில் ஆரம்பப் பள்ளி இருக்கும், பிள்ளைகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. வெஸ்ட்ரே, சாண்டே, ஸ்ட்ரோன்சே ஆகிய மூன்று தீவுகளில் பதினாறு வயது வரை படிக்கலாம். பப்பா வெஸ்ட்ரேயில் குடியிருப்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. அங்கத்துப் பெரிய பிள்ளைகள் படகில் வெஸ்ட்ரேக்குப் போய் வருவார்கள். இந்த இரண்டு தீவுக்கும் இடையில்தான் உலகத்தின் மிகக் குறுகிய விமான சேவை, 1967இலிருந்து ஓடுகிறது. தூரம் மூன்று கிலோமீற்றர்கூட இல்லை. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்றுச் சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். சுற்றுலாக்காரர் சான்றிதழுக்காக ஏறுகிறார்கள். எட்டுப் பேர் மட்டில் கொள்கிற அந்தக் குருவி விமானம் யாருக்காக ஓடுகிறது என்று பார்த்தால், சங்கீத ரீச்சர், பல் வைத்தியர், அப்படியானவர்கள். பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் பறந்து வருகிறது. நமக்கு ஆள் நடந்துகூட வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறுக்குப் பிறகு கிர்க்வோலுக்குத்தான் போகவேண்டும். அங்கே பப்டேல் என்ற இடத்தில் வெளித்தீவுப் பிள்ளைகளுக்கென்று விடுதி. திங்கள் வந்து வெள்ளி வீடு திரும்புகிறது பொதுவான ஏற்பாடு. காற்றுப் பலத்தால் கப்பல் நின்றுவிட்டால் சனி ஞாயிறும் விடுதிதான். சின்னம்மாமார் நல்லவர்கள்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனாலும் மற்றவர் வீட்டில் இரண்டாவது தரம் சோறு கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைக்கும், தன் பெயர் ஒட்டின அறைக் கதவு இருக்கிற பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு.

பள்ளிக்கூடம் முடிந்தபிறகு? முன்பெல்லாம் பட்டப் படிப்பென்றால் அபர்டீன், எடின்பரோ என்று போவார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. 2011இல் மலைநாட்டு, தீவுகள் பல்கலைக்கழகம் முழுப் பல்கலைக்கழக அந்தஸ்துப் பெற்றது. ஓர்க்னிக் கல்லூரி அதில் ஓர் அங்கம். தொல்லியல் படிக்க இப்போது வெளியூர்ப் பிள்ளைகள் கிர்க்வோலுக்கு வருகிறார்கள்! கல்லூரி வாசலில் இருந்து கொஞ்ச நேரம் கார் ஓடினால் ஐயாயிரம் வருஷத்துக் கற்கள். அங்கே பிரோட்கர் முனையில் 2003இல் தோண்டத் தொடங்கி, கோடைக்குக் கோடை சனம் நின்று பார்க்கப் பார்க்கத் தோண்டினார்கள். 2024இல் அந்தப் பெரிய அகழாய்வை முடித்து, கண்டதைத் திரும்ப மண்ணால் மூடிவிட்டார்கள். கல் காற்றிலும் மழையிலும் உதிர்கிறது, மூடினால்தான் நிலைக்கும். சுற்றுலாவுக்குக் காசு கொட்டுகிற ஓர் இடத்தை மூடுவதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

சங்கீதம் பற்றி ஒரு வார்த்தை. 2021இலிருந்து ஸ்கொட்லாந்துப் பள்ளிக்கூடங்களில் வாத்தியம் பழகக் கட்டணம் இல்லை. வயலின் அந்தத் தீவுகளில் மேடை வாத்தியம் மட்டுமில்லை, கலியாண வீட்டு வாத்தியமும். மீன்பிடிகாரர் வீட்டுப் பிள்ளைக்கும் அது கைக்கு எட்டவேண்டும் என்றால் இலவசம் ஒன்றுதான் வழி.

விளையாட்டுக்கு வருவோம். 2025 யூலை 12 முதல் 18 வரை தீவுகளின் விளையாட்டு விழா முதல் தடவையாக ஓர்க்னியில் நடந்தது. 1985இல் மான் தீவில் தொடங்கின விழா. இரண்டு வருஷத்துக்கு ஒருதரம். இருபதுக்கும் மேற்பட்ட தீவுகளிலிருந்து ஏறத்தாழ 2,000 பேர் வந்திறங்கினால், 22,000 பேர் இருக்கிற ஊர் எங்கே படுக்க வைக்கும்? விடுமுறைக்கு மூடியிருந்த பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டார்கள். ஓட்டப் போட்டிகள் பிக்கக்வோய் நிலையத்தில். ஊரார் செல்லமாக "பிக்கி" என்பார்கள். 1999இல் கட்டி, 2013இல் நீச்சல் தடாகம் சேர்த்த இடம். ஒரு சினிமாக் கொட்டகையும் அதற்குள்ளேதான். நான் அந்த வாரம் போயிருந்தேன். ஓடுபாதை ஓரத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் எந்தத் தீவுப் பிள்ளை கடைசியாக வந்தாலும் கை தட்டினார். முதலாவதாக வந்தவர்களுக்கு அவ்வளவு தட்டவில்லை.

கலாசாரச் சேவை என்று கந்தோர்ப் பாஷையில் சொல்கிறோமே, அதற்கு அங்கே இரண்டு எடுத்துக்காட்டு. கிர்க்வோல் நடுவில் 1137இல் தொடங்கிக் கட்டின புனித மக்னஸ் பேராலயம். அது எந்தச் சபைக்கும் சொந்தமில்லை, ஊர்ச்சனத்துக்குச் சொந்தம். பராமரிக்கிறது உள்ளூராட்சி மன்றம். இன்னொன்று ஹோய் தீவில் லைனஸ் என்ற இடத்து ஸ்கப்பா ஃப்ளோ நூதனசாலை. கடற்படைக்கு எண்ணெய் இறைத்த பழைய பம்ப் கட்டடத்தைப் புதுக்கி 2022இல் மறுபடி திறந்தார்கள். 1919 யூன் 21ஆம் திகதி ஜேர்மன் கப்பற்படை தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்த ஸ்கப்பா ஃப்ளோக் கடல் அதன் வாசலில் கிடக்கிறது. போர் நடந்த இடத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது எங்களுக்கும் உள்ள கேள்விதான். அங்கே துருப்பிடித்த இயந்திரத்தைக்கூட மினுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் காசு எங்கே என்று கேட்பீர்கள். எண்ணெய். ஃப்ளோட்டா என்கிற தீவில் எண்ணெய் முனையம் வருமுன்னரே, 1974இல் ஓர்க்னிக்கென்று பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் ஒன்று நிறைவேறியது. துறைமுகத்தின்மேல் உள்ளூர் மன்றத்துக்கு அதிகாரம் கிடைத்தது. வந்த வருமானத்தை உடனே தின்று தீர்க்காமல் சேமிப்பு நிதியாகப் போட்டார்கள். கொள்கை, திட்டம் என்று எத்தனை பேசினாலும், அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இந்தப் பேச்சில் பாதி இல்லை.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல வரவில்லை. வெளித்தீவுகளுக்கு ஓடுகிற பெரிய கப்பல்கள் 1990ஐ ஒட்டிக் கட்டினவை. புதுக் கப்பலுக்கு யார் பணம் தருவது என்று அரசாங்கத்தோடு வருஷக்கணக்காக இழுபறி. பிள்ளை, வாத்தியார், புத்தக வண்டி எல்லாம் ஏறுகிறது அந்தக் கிழட்டுக் கப்பல்களில்தான்.

கிர்க்வோல் துறையில் ஓர் அம்மா என்னோடு கதை கொடுத்தார். எந்த ஊர் என்றார். சிலோனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு என்றேன். வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்பார் என நினைத்தேன்.

"உங்களுக்குக் கப்பல் ஒரு நாளைக்கு எத்தனை தரம்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி இருந்து, வாங்கில் எனக்கு இடம் விட்டார்.